மெழுகை எதில் உருக்குவது, வாசனையை எப்போது ஊற்றுவது?

கோலாலம்பூர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் வாசனை மெழுகுவர்த்தி செய்ய மெழுகு உருக்க நான்கு வழிகள் உண்டு. கேஸ் அடுப்பில் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் ஜக்கை வைப்பது, அதையே ரைஸ் குக்கரில் செய்வது, மைக்ரோவேவ், மெழுகுக்கென்றே விற்கும் மின்சாரப் பானை. நான்கிலும் மெழுகு உருகத்தான் செய்யும். குவளையில் ஊற்றும் சோயா மெழுகு 50 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளகிவிடும். பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின் மெழுகுக்கு 60 பக்கம் வேண்டும். எந்த வழி நல்லது என்பது வாசனை எண்ணெய் ஊற்றிக் கலக்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தெரியும்.

கேஸ் அடுப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கீழே தண்ணீர் இருக்கும்வரை மெழுகு 100 டிகிரியைத் தாண்டாது. ஜக்கை நேராகத் தீயில் வைத்தால் அந்தக் கட்டுப்பாடு போய்விடும்: மெழுகு தண்ணீரைப்போல் கொதித்து எச்சரிக்காது, புகையும், இன்னும் சூடேறினால் எண்ணெய்ச் சட்டி மாதிரி பற்றிக்கொள்ளும். பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து மூடியைப் போட வேண்டும். தண்ணீர்ப் பாத்திர முறையிலும் இரண்டு தொல்லைகள் உண்டு. பக்கத்திலேயே தீ எரிகிறது. அப்புறம், நீராவி. ஜக்குக்குள் சொட்டும் ஆவித் தண்ணீர் மெழுகுக்கு அடியில் போய்த் தங்கும். பின்னால் மெழுகுவர்த்தி எரியும்போது திரி படபடவென்று பொரியும்.

என் ஓட்டு பழைய ரைஸ் குக்கருக்கு. இரண்டு அங்குலம் தண்ணீர், அடியில் ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் ஜக்கு. தண்ணீர் வற்றிச் சூடு 100-ஐத் தாண்டியதும் பொத்தான் டக்கென்று தானே மேலே ஏறிவிடும். அடுப்புக்கு அந்தப் புத்தி கிடையாது. ஜக்கில் மெழுகு குறைவாக இருந்தால் மிதந்து சாயும், அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சோறாக்கும் குக்கரையே இதற்கும் எடுத்துவிடாதீர்கள். மல்லிகை மணக்கும் நாசி லெமாக் யாருக்கும் இறங்காது.

மைக்ரோவேவை விட்டுவிடலாம். ஒரு பக்கம் கட்டியாகவே கிடக்கும், இன்னொரு பக்கம் சூடு எகிறும். மின்சாரப் பானை வசதிதான், ஆனால் பசார் மாலாமில் கடை போடுமளவுக்கு ஊற்றுகிறவருக்கே கட்டுப்படியாகும். அதன் முகப்பில் தெரியும் எண்ணையும் முழுக்க நம்பக் கூடாது. அடியில் ஒரு சூடு, மேலே ஒரு சூடு இருக்கும். கலக்கிவிட்டுத் தனி வெப்பமானியால் பார்ப்பதே சரி.

வாசனை விஷயத்தில் இரண்டு கட்சி. சோயாவில் 80-85 டிகிரியிலேயே ஊற்ற வேண்டும் என்பது ஒன்று. 60-க்கு ஆறவிட்டு ஊற்றினால்தான் வாசனை தங்கும் என்பது இன்னொன்று. இரண்டாவது கட்சிக்காரர்கள் காட்டும் ஆதாரம், எண்ணெய்க் குப்பியில் போட்டிருக்கும் தீப்பற்றும் நிலை. அது 65 என்றிருந்தால் அதற்கு மேல் வாசனை எரிந்துபோகும் என்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சூட்டில் எண்ணெயின் ஆவி பக்கத்தில் தீ இருந்தால் பற்றும் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். ஆகவே ஊற்றுமுன் அடுப்பை அணைத்து, ஜக்கைத் தள்ளி வைக்க வேண்டும். ரைஸ் குக்கரை நான் முன்னே நிறுத்துவதற்கு இதுவும் காரணம்.

நான் சூட்டுக் கட்சி. 500 கிராம் மெழுகுக்கு 8 விழுக்காடு, அதாவது 40 கிராம் எண்ணெயைத் தராசில் நிறுத்து ஊற்றினால், அறைச் சூட்டில் இருந்த எண்ணெய் 85 டிகிரி மெழுகை நான்கு டிகிரி இறக்கிவிடும். 85 என்பது 81 ஆகும். கலக்க இன்னும் நேரம் இருக்கிறது. 60-இல் ஊற்றினால் 58-க்கு வந்துவிடும், மெழுகு கெட்டியாகத் தொடங்குமுன் எண்ணெய் சரியாகச் சேராது. குவளையின் அடியில் தேங்கும், இல்லையென்றால் மத்தியான வெயிலில் மேலே முத்து முத்தாக வியர்க்கும். ஊற்றிய பிறகு இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ்தான் மிச்சம்.

எலுமிச்சை, ஆரஞ்சு மாதிரி செடியிலிருந்து எடுத்த அசல் எண்ணெய்க்கு மட்டும் நான் 70-க்கு இறங்கி வருவேன், அவை சீக்கிரம் ஆவியாகிவிடும். சந்தன எண்ணெய்க்கு அந்தக் கவலை இல்லை, அதன் விலைதான் கவலை.

செம்பனை மெழுகின் கணக்கு வேறு. பனிப்பூ மாதிரிக் கோலம் விழ 90 டிகிரிக்கு மேல் சூடாகவே குவளையில் ஊற்ற வேண்டும். தண்ணீர் முறையில் அவ்வளவு ஏற்றுவது சிரமம். அங்கே மின்சாரப் பானை ஜெயிக்கும்.

இன்னொன்று, நாள் கணக்கு. வாசனை நன்றாக வீச, குவளையில் ஊற்றிய சோயாவை ஒன்று முதல் இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். பாரஃபினுக்கு இரண்டு மூன்று நாள் போதும். தீபாவளிக்குக் கடைசி வாரத்தில் அவசரமாகச் செய்கிறவர்கள் பாரஃபினையே வாங்கலாம்.