ஏழு துண்டு டிங்கர் செட்: பழைய மொறிஸ் மைனர் மட்காட்டுக்குச் சரிவருமா?

ஹாட்வெயார் கடைகளில் பிளாஸ்ரிக் பெட்டியோடு விற்கும் ஏழு துண்டு டிங்கர் செட்டில், அதாவது நெளிந்த தகரத்தை அடித்து நேராக்கும் செட்டில், மூன்று சுத்தியலும் நான்கு டொலியும் (அடிக்கும்போது தகரத்தின் மறுபக்கத்தில் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டி) இருக்கும். பெட்டியைத் திறந்த கையோடு பழைய காரின் மட்காட்டில் வைத்து அடிக்கக்கூடாத செட் இது. ஒரு நாள் முழுக்க அரமும் எமரித் தாளும் பிடிக்கப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள். டொலிகள் கொடுத்த காசுக்கு மேலாகவே உழைக்கும். சுத்தியல்களை நாம்தான் சுத்தியல் ஆக்கவேண்டும்.

முதலில் சுத்தியலின் முகத்தைப் பாருங்கள். கடைசல் கோடுகள் நகத்தில் தட்டுப்படும். ஒவ்வொரு அடியிலும் அந்தக் கோடுகள் தகரத்தில் பதியும். விளிம்பும் கூராகவே வருகிறது. கை சற்றுச் சரிந்தால் ஒரே அடியில் பிறை வடிவ வெட்டு விழும், அதை எடுக்கப் பத்து அடி வேண்டும். விளிம்பைச் சுற்றிவர அரத்தால் உருட்டி, முகத்தை 120, 240, 400, 800 என்று எமரித் தாளில் இறக்கி, கண்ணாடி போல மினுக்கி எடுக்கவேண்டும். கிறைண்டரில் பிடித்து அவசரப்படாதீர்கள். சூட்டில் முகம் நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும், பிறகு அந்த முகமே குழி விழத் தொடங்கும். கூர் முனைச் சுத்தியல்தான் செட்டிலேயே ஆபத்தான துண்டு. அதன் முனையை மழுக்கி உருட்டாமல் உள்ளிருந்து குத்தினால், பள்ளம் எழும்பாமல் வெளியே பரு பருவாகக் கிளம்பும். ஒரு முகத்தில் பல் வெட்டிய சுத்தியல் சில செட்டுகளில் வரும். அந்தப் பல்லை மெல்லிய மட்காட் தகரத்தில் பயன்படுத்தவே வேண்டாம்.

பிடி மரமாக இருந்தால் இன்னொரு கவனம். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் திருகோணமலையில் மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கும், தலை ஆடத் தொடங்கும். தண்ணீரில் ஊறப்போடுவது அன்றைக்கு மட்டும் இறுக்கும், காய்ந்ததும் முன்னையைவிட மோசமாக ஆடும். லின்சீட் எண்ணெய் பூசி, ஆப்பைத் திரும்ப இறுக்குவதே சரி.

டொலிகளில் குறை குறைவு. முகத்தில் பூசி வரும் பெயின்றைத் தின்னரால் துடைத்து எடுத்து, வார்ப்புப் புள்ளிகள் இருந்தால் தேய்த்துவிட்டால் போதும். மொறிஸ் மைனர் முன் மட்காட்டில் நான்குக்குமே வேலை இருக்கிறது. சில்லுக்கு மேலே வரும் உருண்ட முதுகுக்குத் தண்டவாள வடிவ டொலி. கதவுப் பக்கமாகத் தட்டையாக இறங்கும் பகுதிக்கு நீண்டு மெல்லிய டொலி. போல்ட் ஆணி பூட்டும் மடிப்புக்கும் மூலைக்கும் குதிகால் வடிவம். ஹெட்லாம்ப் கிண்ணத்தின் பின்னால் உள்ள ஒடுங்கிய இடுக்குக்குள் போவது வால் போல வளைந்த டொலி மட்டுமே. டொலியின் வளைவு தகரத்தின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கவேண்டும். தட்டை டொலியை உருண்ட முதுகின் உள்ளே வைத்தால் அதன் விளிம்புகள்தான் முட்டும், புது நெளிவு பிறக்கும்.

இந்தக் காரின் மட்காட்கள் ஆணியில் பூட்டியவை. கழற்றியே வேலை செய்யுங்கள். உள்ளே படிந்த தாரையும் சேற்றையும் மண்ணெண்ணெய் போட்டுச் சுரண்டி எடுக்காவிட்டால் டொலி தகரத்தைத் தொடாது, சத்தமும் பொய் சொல்லும். சத்தம் முக்கியம். சுத்தியலுக்கு நேர் கீழே டொலி இருந்தால் ‘ணங்’ என்று மணியாகக் கேட்கும். விலகியிருந்தால் மொத்தென்று கேட்கும். நெளிவு எடுக்கும்போது பெரும்பாலும் இரண்டாவது சத்தமே கேட்கவேண்டும். பள்ளத்தின் கீழே டொலியை அழுத்திப் பிடித்து, பக்கத்தில் எழும்பிய மேட்டில் மெதுவாகத் தட்டவேண்டும். மேடு இறங்க இறங்கப் பள்ளம் தானாக ஏறும். கடைசியாக உண்டான மேட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகவேண்டும். லொறி வேலைக்குப் பழகிய கை இங்கேதான் கெடுக்கிறது: பள்ளத்தின் நடுவிலேயே டொலிக்கு நேராக ஓங்கி அடித்தால் தகரம் மெலிந்து விரியும்.

விரிந்த தகரத்துக்கு இந்தச் செட்டில் மருந்து இல்லை. பேணி மூடி போல ‘டக்’கென்று உள்ளே போய் வெளியே வரும் இடம் எத்தனை அடித்தாலும் நிற்காது. காஸ் பிளேமில் மிகச் சிறிய நொசிலால், மேட்டின் உச்சியில் 10 மில்லிமீற்றர் அளவு புள்ளியைச் செக்கச் சிவக்கச் சுட்டு, சுற்றிவரத் தட்டி, கடைசியில் நடுவில் தட்டி, சிவப்பு மறைந்ததும் ஈரத் துணி வைத்தால் அது சுருங்கும். ஒரு புள்ளி முடித்து, ஆறவிட்டு, தடவிப் பார்த்த பிறகே அடுத்தது. சுடுவதற்கு முன் ஈயம் அடைத்த மூட்டு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் நிறமாக, கத்தியில் வெட்டுப்படுவது ஈயம். அதைக் கிறைண்டரில் தூளாக்கினால் நஞ்சை மூச்சில் இழுப்பதுதான்.

உக்கிய தகரத்துக்கும் சுத்தியல் உதவாது. சில்லுக்குப் பின்னால், மட்காட்டின் கீழ் மூலையில்தான் சேறும் உப்பும் தங்கும். அங்கே கூர் முனையால் தட்டினால் உள்ளே இறங்குகிறதா? நல்ல தகரம் வரும்வரை வெட்டி, 20 கேஜ் தடிப்புள்ள தகரத்தை விளிம்போடு விளிம்பு சேர்த்து வெல்ட் செய்யவேண்டும். மேலே ஏற்றி ஒட்டினால் இரண்டு தகரத்துக்கும் இடையில் உப்பு ஈரம் நின்று, உவர்மலை, நிலாவெளி போன்ற கடலோரத்தில் சீக்கிரமே பெயின்ற் கொப்பளிக்கும். வெல்டிங் கோட்டில் தகரம் சுருங்கி இழுக்கும். அப்போதுதான் டொலிக்கு நேராக ‘ணங்’ என்று தட்டி விரிக்கவேண்டும். காஸ் வெல்டிங் கோடு மென்மையாக இருப்பதால் அடியைத் தாங்கும். மிக் வெல்டிங் கடினம், அதிகம் அடித்தால் வெடிக்கும். புது மட்காட் கிடைத்தாலும் இடைவெளி சரிசெய்ய டொலி வேண்டியிருக்கும். 1990களில் இலங்கையிலேயே மொறிஸ் மைனருக்குத் தகர உறுப்புகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கையில் அடித்து நேராக்கும் தொழில் இங்கே அந்நியமல்ல.

அடித்து முடித்த தகரத்தை வெறுமையாக இரவு வைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து, வெறுங்கை படாமல் அன்றே எப்பொக்சி பிறைமர் (பெயின்றுக்கு முந்திய அடிப்பூச்சு) அடிக்கவேண்டும். பள்ளம் நிரப்பும் பட்டி அதற்கு மேலே, 2 முதல் 3 மில்லிமீற்றருக்குள். அதற்கு மேல் தேவைப்பட்டால் சுத்தியல் வேலை முடியவில்லை என்று அர்த்தம். மாரியில் பெயின்ற் வெளிறும், கச்சானில் தூசி ஒட்டும். காற்று விழுந்த விடியற்காலையே நல்ல நேரம்.

செட்டோடு வரும் பெட்டியை எறிந்துவிடலாம். அதன் ஸ்பொஞ்ச் கடல் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. டொலி முகத்தில் விழும் துருப் புள்ளி அடுத்த மட்காட்டில் அப்படியே அச்சாகும். ஒவ்வொன்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி, மூடியுள்ள தகரப் பேணியில் வையுங்கள். வேலை தொடங்கும்போது தின்னரால் துடைத்துவிட்டு எடுங்கள். எண்ணெய் தகரத்தில் பட்டால் பிறைமர் பிடிக்காது.