அம்மாவின் சூத்தைப் பல்லும் ஐந்து வேளைத் தேத்தண்ணியும்

ஊருக்குப் போய் இறங்கிய முதல் இரவே கவனித்தேன். அம்மா இடப்பக்கத்தால் மட்டும்தான் சப்புகிறார். நான் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஆசையாகச் செய்து கொண்டுபோன பருத்தித்துறை வடையைத் தேத்தண்ணிக்குள் ஊறப்போட்டுத்தான் வாயில் வைத்தார். கேட்டால், "சூத்தைப் பல்லுத்தானே பிள்ளை, கராம்பு வைச்சிருக்கிறன், போயிடும்" என்றார். எத்தனை மாதமாக என்று கேட்டேன். பதில் இல்லை. கிழமைக்கு இரண்டு தரம் வீடியோவில் பேசுகிறோம், ஒருநாள்கூட எனக்கு அது தெரியவில்லை.

மூன்று கிழமை லீவில் முதல் வேலையாக யாழ்ப்பாண நகரத்துக்குள் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். குளிரூட்டிய அறை, புது எக்ஸ்றே மெஷின், காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அம்மாவின் வாயைப் பார்க்க முதலே எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறேன் என்று கேட்டார்கள். பத்து நிமிடத்தில் முடிவு சொன்னார்கள்: நாலு பல்லுப் புடுங்க வேண்டும், அந்த இடத்தில் இம்பிளாண்ட், அதாவது எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல், வைக்க வேண்டும், ஐந்து லட்சத்துக்கு மேல் வரும். நான் இருக்கிற ஒன்ராறியோவிலும் பல் வைத்தியம் பெரும்பாலும் மாகாணப் பொது மருத்துவக் காப்புறுதிக்குள் வராது, பலர் கைக்காசுதான் கட்டுகிறார்கள். ஆகவே தொகையைக் கேட்டு நான் மலைக்கவில்லை. எப்படி ஒரே நேரத்தில் நாலு பல்லுப் பழுதானது என்று கேட்டேன். "வயசு போனால் அப்படித்தான்" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன் முறுக்குக் கடித்தவர்.

மச்சாள்தான் சொன்னாள், அரச ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்குப் போங்கோ என்று. காலை ஏழு மணிக்கே போய் நம்பர் எடுத்தோம். வாங்கில் இடமில்லை, ஒரு மின்விசிறிதான் சுற்றியது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் அம்மா சுவரோடு சாய்ந்து நின்றார். வயதானவர்களுக்கென்று நாலு கதிரையாவது ஒதுக்கலாம், அது பெரிய செலவில்லை. ஆனால் முறை வந்து உள்ளே போனபின் நடந்ததற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்த இளம் பெண் டொக்டர். அம்மாவைக் கதிரையில் சாய்க்காமல் முதலில் கதை கேட்டார்.

"ஒருநாளைக்கு எத்தினை தரம் தேத்தண்ணி குடிப்பியள் அம்மா?"

"விடிய ஐஞ்சு மணிக்கு ஒண்டு. பிறகு எட்டு, பத்தரை, நாலு, படுக்கப் போக முதல் ஒண்டு."

"சீனி போட்டோ?"

"ஐயோ, எனக்குச் சீனி வருத்தமெல்லோ. சீனி தொடுறேல்லை. பனங்கட்டிக் கடிதான்."

டொக்டர் சிரிக்கவில்லை. பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்குரோசுதான், சீனியில் இருக்கிற அதே பொருள்தான் என்று மெதுவாகச் சொன்னார். சீனி வருத்தத்துக்கும் அது கூடாது, பல்லுக்கும் கூடாது.

பிறகு சின்னக் கண்ணாடியைக் காட்டி அம்மாவுக்கே பார்க்கக் கொடுத்தார். முரசு, அதாவது பல் ஈறு, கீழிறங்கி வேர் வெளியே தெரிந்தது. சூத்தை விழுந்திருந்தது பல்லின் உச்சியில் அல்ல, முரசோரத்து வேரில். எங்கள் எல்லோருடைய வாயிலும் பக்டீரியா இருக்கிறது, அதைக் கொன்று முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது என்றார். அதில் சில வகை, முக்கியமாக ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் என்பது, நாம் தின்னும் இனிப்பைத் தானும் தின்று அமிலத்தைக் கக்கும். சுக்குரோசை ஒரு பசையாகவும் மாற்றும். அந்தப் பசையால் கூட்டமாகப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். இனிப்புப் பட்ட சில நிமிடத்திலேயே பல்லின் மேற்பரப்பில் அமிலம் ஏறும். அமிலம் கூடக் குறைகிற அளவுதான் பிஎச்; அது 5.5க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேலோடான எனாமலிலிருந்து கல்சியம் கரையத் தொடங்கும். வேருக்கு எனாமல் இல்லை, ஆகவே அதற்கு அவ்வளவு அமிலம்கூடத் தேவையில்லை. உமிழ்நீர் இதைச் சரிக்கட்ட அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் ஆகும்.

"நீங்கள் ஐஞ்சு தரம் கடிக்கிறியள் அம்மா. பல்லு ஆறி எழும்ப நேரம் குடுக்கிறியள் இல்லை. பிறஷர் குளிசை சிலதாலை வாயும் காயும், துப்பல் குறைவு."

அம்மா யோசித்துவிட்டு, "அப்ப புழு இல்லையோ?" என்றார். சின்ன வயதில் அவருடைய ஆச்சி கண்டங்கத்தரி விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையைக் குழலால் வாய்க்குள் பிடிக்கச் செய்தாராம். கீழே வைத்த தண்ணீரில் வெள்ளையாகப் புழு விழுந்ததைத் தன் கண்ணால் கண்டாராம். பல்லுக்குள் புழு இருப்பதில்லை. சூட்டில் வெடித்துச் சிதறிய விதையைத்தான் அப்படி எண்ணியிருக்க வேண்டும். டொக்டர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது: "உயிருள்ள ஒண்டுதான் அரிக்குதெண்டு ஆச்சி பிடிச்சிட்டா அம்மா. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னன், அவ்வளவுதான்."

அன்றிரவு நித்திரை வராமல் தொலைபேசியில் வாசித்தேன். பேர்லினில் வேலை செய்த அமெரிக்கப் பல் வைத்தியர் மில்லர், வாயிலுள்ள நுண்ணுயிர்கள் உணவிலிருந்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்று 1890இலேயே எழுதிவிட்டார். மியூட்டன்ஸைச் சூத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து 1924இல் பெயர் வைத்தவர் கிளார்க். 1954இல் நுண்ணுயிரே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு இனிப்பைத் தாராளமாகக் கொடுத்துப் பார்த்தார்கள், பல்லுப் பழுதாகவில்லை. இனிப்பு மட்டும் போதாது, பக்டீரியாவும் வேண்டும்.

வாசித்ததில் மனதைக் குடைந்தது சுவீடன் கதை. 1940களின் பிற்பகுதியில் வீப்பெஹோல்ம் என்ற ஆஸ்பத்திரியில், அறிவு வளர்ச்சி குன்றியவர்களுக்கு வேண்டுமென்றே ஒட்டுகிற ரொபி கொடுத்து எத்தனை பல்லுப் பழுதாகிறது என்று எண்ணினார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 24 ரொபி. சாப்பாட்டோடு தின்னும் சீனியைவிட இடையிடையே தின்னும் ஒட்டும் இனிப்புத்தான் பல்லைத் தின்கிறது என்பது அங்கேதான் உறுதியானது. அம்மாவுக்கு அந்த டொக்டர் சொன்ன அறிவுரை, மறுக்க வாயில்லாத அந்த மனிதர்களின் பல்லிலிருந்து வந்தது. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதை நினைக்காமல் இந்த அறிவுரையை எனக்கு எழுத வரவில்லை.

இரண்டாம் தரம் போனபோது தம்பியின் மகனையும் தூக்கிக்கொண்டு போனோம். அவனுக்கு இரண்டு வயது. அம்மா தன் வாயில் சூடு பார்த்த கரண்டியாலேயே சோறு தீத்துவார், எங்கள் எல்லோருக்கும் அப்படித்தான் தீத்தினார். பக்டீரியா துப்பல் வழியாகப் பிள்ளைகளுக்குப் போகும் என்று டொக்டர் சொன்னதும் அம்மாவின் முகம் செத்துப்போனது.

"அப்ப நானோ பேரனுக்குக் குடுத்தனான்?"

"அம்மா, வீட்டிலை ஆரிட்டையிருந்தும் வரும். உங்கடை வாயைச் சுகமாக்கினால் அவனுக்குப் போறதும் குறையும். கரண்டியை மட்டும் வேறையாக்குங்கோ. இரவிலை பால் போத்தலோடை படுக்க விடுறியளே, அதை முதல் நிப்பாட்டுங்கோ. நித்திரையிலை துப்பல் ஊறுறது நல்லாய்க் குறையும், பால் பல்லிலையே நிக்கும்."

போத்தல் சங்கதியை எங்களில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பையனின் மேல் முன்பல்லில் சுண்ணாம்பு நிறக் கோட்டைப் பார்த்தே கண்டுபிடித்தார். ஓட்டை விழ முதல் வருகிற அடையாளம் அது, இந்த நிலையில் பல் திரும்பவும் இறுகலாம் என்றார். தம்பி பெண்சாதி அழுதுவிட்டாள்.

நாலு பல்லுப் புடுங்க வேண்டும் என்றார்களே, புடுங்கியது ஒன்றுதான். மற்ற மூன்றையும் சுரண்டித் துப்புரவாக்கி, பல்லை இறுக்கும் புளோரைட் கசிகிற ஒருவகைப் பற்சீமெந்தால் அடைத்தார். அடைத்தது எத்தனை வருடம் நிற்கும் என்று வாக்குக் கொடுக்கவில்லை, பழக்கத்தைப் பொறுத்தது என்றார். அம்மா பாவித்த மூலிகைப் பற்பசைப் பெட்டியை நான் காட்ட, அதில் புளோரைட் இல்லை என்று வாசித்துக் காட்டினார். புளோரைட் உள்ள பற்பசையால் இரவு படுக்க முதல் தீட்டி, நுரையைத் துப்பிவிட்டு, தண்ணீரால் அலசிக் கழுவாமல் விட வேண்டும். ஐம்பது வருடமாக மூன்று செம்பு தண்ணீரில் கொப்பளித்த அம்மாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது.

சிகிச்சைக்கு ஒரு சதமும் வாங்கவில்லை. போகிறவர்கள் வெள்ளணப் போங்கோ, குடிக்கிற குளிசைகளைப் பையோடு கொண்டுபோங்கோ, வயதானவர்களோடு ஒருவர் துணைக்கு நில்லுங்கோ.

நான் திரும்ப முதல் நாள் விடிய ஐந்து மணிக்குக் குசினியில் வெளிச்சம். அம்மா வெறுந்தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பனங்கட்டிப் போத்தல் வழக்கமான இடத்தில் இல்லை. தேடினேன், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. "மத்தியானம் சோத்துக்குப் பிறகு ஒரு துண்டு, அவ்வளவுதான்" என்றார். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். வலப்பக்கத்தால் ஒரு பிஸ்கற்றைக் கடித்துப் பார்க்கச் சொன்னேன். அதுவும் இடைவேளை இனிப்பு என்று மறுத்துவிட்டார்.