உப்புக்காற்றில் வெளிச்ச வீடு: ஜன்னல் சட்டம் தேக்கா, அலுமினியமா, யு.பி.வி.சி.யா?

வீடு நிறைய வெளிச்சம் வேண்டும் என்ற ஆசையோடுதான் டெல்லியிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்துப் புதுமடம் பக்கம் வந்து சேர்ந்தோம். கூடத்தின் தெற்குச் சுவரில் முக்கால்வாசி கண்ணாடி, அதற்கு அப்பால் மன்னார் வளைகுடா. அந்தக் கண்ணாடியைத் தாங்கும் சட்டம் எதில் இருக்க வேண்டும் என்பதில்தான் வீட்டில் ஆளுக்கொரு கட்சி. முடிவில் யு.பி.வி.சி. என்கிற கெட்டியான பிளாஸ்டிக் சட்டம் போட்டோம். கடலோரத்துக்கு அதுதான் சரி என்று இப்போதும் உறுதியாக நினைக்கிறேன்.

தேக்கின் அழகைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மழைக்காலத்தில் உப்பிக்கொள்ளும், வார்னிஷ் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், விலையும் அதிகம். இரும்பை எடுத்த எடுப்பிலேயே விட்டுவிட்டோம். 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கு ஆயுள் முழுக்கத் துருவோடுதான் சண்டை. 2025-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். உலோகங்களைக் கடற்காற்றில் வைத்துச் சோதிக்கவே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் (சிக்ரி) மண்டபத்தில் ஒரு நிலையம் நடத்துகிறது. அப்படிப்பட்ட காற்று இது.

ஆக, நிஜமான போட்டி அலுமினியத்துக்கும் யு.பி.வி.சி.க்கும்தான். அலுமினியம் மெலிசாக இருந்தாலும் விறைப்பாக நிற்கும். பெரிய கண்ணாடியைச் சிறிய சட்டத்திலேயே தாங்கும், அதனால் வெளிச்சமும் கொஞ்சம் கூட வரும். டெல்லியில் எங்கள் பிளாட்டில் இருந்ததும் அதுதான். அங்கே தூசி தட்டுவதைத் தவிர அது எங்களுக்கு எந்த வேலையும் வைக்கவில்லை.

இங்கே கணக்கு வேறு. தென்கடல் கொந்தளிப்பது கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில், வைகாசி தொடங்கி ஆவணி வரை. உப்புச் சாரல் ஜன்னலில் வந்து படிவது அப்போதுதான். ஆனால் இந்த மாவட்டத்துக்குப் பெரும்பாலான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வருகிறது. அதாவது உப்பு படியும் மாதங்களில் அதைக் கழுவிவிட மழை இல்லை. படிந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு எந்நேரமும் கசகசவென்று இருக்கும். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சுட்டு ஏற்றும் வண்ணப் பூச்சு) போட்ட அலுமினியத்தில் வெட்டின முனையிலும் ஸ்குரூ ஓட்டையிலும் அது உள்ளே நுழைந்து, பூச்சுக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு போகும். சாதா எஃகு ஸ்குரூ போட்டிருந்தால் இன்னும் மோசம்: இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம்தான் முதலில் கரையும், ஸ்குரூவைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும்.

கழுவிக்கொண்டே இருந்தால் அலுமினியம் நிலைக்கும். கேள்வி, எந்தத் தண்ணீரில் கழுவுவது? எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதை ஊற்றினால் உப்பின் மேல் உப்பு. காவிரிக் குடிநீர் வரும் நாளைப் பார்த்துக் குடம் வைக்கிற ஊரில், ஜன்னல் கழுவ நல்ல தண்ணீரைச் செலவழிக்க மனசு வராது, வரவும் கூடாது. எங்களுக்கு விஷயத்தைத் தீர்த்து வைத்தது இதுதான். யு.பி.வி.சி. சட்டத்தை உப்பு ஒன்றும் செய்வதில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும், அரை வாளி நல்ல தண்ணீரில் கூடம் முழுவதும் முடிந்துவிடும்.

ஆனால் சட்டம் துருப்பிடிக்காது என்பதற்காக ஜன்னலே துருப்பிடிக்காது என்று நம்பிவிட வேண்டாம். யு.பி.வி.சி. சட்டத்துக்கு உள்ளே ஓர் அறையில் விறைப்புக்காக எஃகுச் சட்டம் ஓடுகிறது. தண்ணீர் வடியும் துளைகளை அந்த அறையில் படாமல் போட்டிருக்கிறார்களா என்று பொருத்தும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள். கீல், பூட்டு, ரோலர் எல்லாமே உலோகம். நாங்கள் இவற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்கினோம். சாதாரணமாகக் கிடைக்கும் 304-இல் இல்லாத மாலிப்டினம் இதில் இருக்கிறது, உப்புக்கு அதுதான் தாக்குப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்ப்பது இங்கே உதவாது, பொதுவாக இரண்டு ரகமுமே ஒட்டாது. பில்லில் 316 என்று எழுதி வாங்குவது நல்லது. அப்புறம், ஸ்லைடிங்கைவிடக் கதவு போலத் திறக்கும் ஜன்னலே மேல். ஸ்லைடிங் தடத்தில் மணலும் உப்பும் சேர்ந்து ரோலரைத் தின்றுவிடும்.

தெற்கே இவ்வளவு கண்ணாடியா, வெயில் கொளுத்தாதா என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நாம் இருப்பது சுமார் 9 டிகிரி வடக்கில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் தலைக்கு மேலே சற்று வடக்குப் பக்கமாக நிற்கும். டெல்லியில் இது ஒருநாளும் நடக்காது. அதனால் கோடையில் தெற்கு ஜன்னல் வழியே வெளிச்சம் மட்டும் வருகிறது, மார்கழியில்தான் வெயில் சாய்ந்து உள்ளே விழுகிறது. பார்க்க அத்தனை அழகு. யு.பி.வி.சி.க்கும் இது நல்லதுதான், ஏனென்றால் வெயிலில் அது அலுமினியத்தைவிட மூன்று மடங்கு வரை விரியும். அடர்நிறம் எடுத்தால் சூடு இன்னும் ஏறும். நாங்கள் வெள்ளை எடுத்தோம்.

மேற்குச் சுவரைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சாயங்கால வெயில் நேராக அடிக்கும் அந்த ஜன்னல்கள் இன்னும் புதிது, பல கோடைக்குப் பிறகு மஞ்சளடிக்குமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பத்தடி அகலத்துக்கு ஒரே திறப்பு வேண்டும் என்பவர்களுக்கும் அலுமினியமே பொருந்தும், கழுவ நல்ல தண்ணீர் தாராளமாக இருந்தால்.