தோஹாவில் 13 மணி நேரம்: "ஹோட்டல் உண்டு" என்று டிக்கெட் விற்பவர்களிடம் ஜாக்கிரதை

சின்னப் பிள்ளைகளோடு ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மான்செஸ்டரிலிருந்து தோஹா வழியாகச் சென்னை. நாங்கள் இருவர், ஆறு வயது மகள், மூன்று வயது மகன். தெரிந்தவர் சொல்லி ஒரு ஏஜெண்டிடம் போனோம். தோஹாவில் 13 மணி நேரம் காத்திருக்கணும் என்றதும் மனைவி வேண்டாம் என்றாள். "அக்கா, எட்டு மணி நேரம் தாண்டினா ஏர்லைன்ஸே ஹோட்டல் தரும். அதைப் போட்டுக் குடுக்க 60 பவுண்டுதான். பிள்ளைங்க ஜம்முன்னு தூங்கலாம்" என்றார். மூன்று மணி நேரத்தில் மாறும் டிக்கெட்டைவிட இது தலைக்கு 70 பவுண்டு குறைவு. சபலம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

விடிகாலை தோஹாவில் இறங்கி, டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் அவர் அனுப்பிய தாளை நீட்டினேன். ஹோட்டல் பெயர் இருந்தது, எங்கள் பெயர்கள் இருந்தன. புக்கிங் எண் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் விமான டிக்கெட்டின் பதிவு எண்ணான பிஎன்ஆரையே மறுபடி அடித்து வைத்திருந்தார் மனுஷன்! என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பையனைப் பார்த்துவிட்டு, கவுண்டர் பெண் பொறுமையாகவே விளக்கினார். சீக்கிரம் கிளம்பும் விமானம் இருந்தும் நாமாக நீண்ட இடைவெளியை எடுத்தால் இலவச அறை கிடையாது. தகுதி இருந்தாலும் பயணத்துக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். டெர்மினலுக்குள்ளேயே இருக்கும் ஹோட்டலில் காசு கொடுத்தாவது தங்கலாம் என்று போனால், அன்று அறை காலி இல்லை.

விமான நிலையத்துக்குள் இருக்கும், தலையில் விளக்கு முளைத்த மஞ்சள் கரடிச் சிலை, ஏழு மீட்டர் உயரம், ஒரு மணி நேரம் எங்களைக் காப்பாற்றியது. பிறகு பிள்ளைகள் ஏறி விளையாடும் வெண்கலச் சிற்பங்கள். அதுவும் சலித்தபின், சாய்ந்து படுக்க நாற்காலி போட்ட அமைதி அறைக்குப் போனோம். பையன் அழ ஆரம்பித்ததும் பத்துத் தலைகள் திரும்பின, எழுந்து வந்துவிட்டோம். ஏசி குளிர் வேறு. ஹோட்டல் இருக்கிறதே என்று போர்வையைச் செக்-இன் பெட்டியில் போட்டிருந்தோம். மனைவியின் துப்பட்டாவை இரண்டாக மடித்துப் போர்த்தினோம். மகள் கால்மணிக்கொரு தரம், "அப்பா, ஹோட்டல் எப்போ?"

ஏஜெண்டிடமிருந்து சாயங்காலம் பதில் வந்தது: "சிஸ்டம் எரர் அண்ணா, பாத்துச் சொல்றேன்." மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடமாவது முறையிடலாம். நான் அவர் கணக்குக்கு நேரடியாக அனுப்பித் தொலைத்தேன்.

ஏர்லைன்ஸ் இலவசமாகத் தரும் அறைக்கு யாராவது தனிக்காசு கேட்டால் அங்கேயே நில்லுங்கள். பிஎன்ஆர் கைக்கு வந்ததும் நீங்களே ஏர்லைன்ஸுக்குப் போன் போட்டு, அறை பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

திரும்பும் டிக்கெட்டும் அவர் போட்டதுதான். அதிலும் ஒன்பது மணி நேரம். இந்த முறை நானே கேட்டுவிட்டேன், அறை கிடையாதாம். போர்வை இப்போதே கைப்பைக்குள் போய்விட்டது.