விடியற்காலை இதயத் துடிப்புத் தடுமாற்றம்: இரண்டரை ஆண்டுக் கருவிப் பயன்பாட்டில் தெரிய வந்தவை

பினாங்கில் குளுகோர் வட்டாரத்தில் வசிக்கும் எனக்கு வயது 59. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் ஷிஃப்ட் வேலை பார்த்தவன். பத்தாண்டுகளுக்கும் மேலாக இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை எடுத்துவருபவன். 2022-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி, விடியற்காலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் என் நெஞ்சில் ஒரு துடிப்பு தவறுவதும், அதற்கடுத்த துடிப்பு உள்ளிருந்து யாரோ கதவைத் தட்டுவதுபோல் ஓங்கி விழுவதும் வழக்கமாகிவிட்டன. சில நாள்களில் தாளமே குலைந்து, இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று நீடித்துப் பிறகு தானாக அடங்கும். காரணத்தைத் தேடி நான் பயன்படுத்திய இரண்டு கருவிகளைப் பற்றியும், அவை காட்டிக்கொடுத்த காரணங்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பார்த்த கிளினிக்கில் இது கேஸ்டிரிக் என்றார்கள். வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார்கள். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து இதய மருத்துவரிடம் போனபோது எடுத்த இ.சி.ஜி. இயல்பாக இருந்தது. காலை ஆறு மணிக்கு வருகிற தொல்லை பத்தரை மணிக்குப் பதிவு செய்யும் தாளில் விழாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு 24 மணி நேரம் மார்பில் ஒட்டிக்கொண்டு திரியும் ஹோல்ட்டர் கருவியும் மாட்டினார்கள். அந்த ஒரு நாள் பார்த்து என் இதயம் பள்ளிப் பிள்ளையைப்போல் ஒழுங்காக நடந்துகொண்டது. தடுமாற்றம் வரும் நேரத்தில் பதிவு செய்தால்தான் பெயர் வைக்க முடியும் என்று மருத்துவர் சொன்னதால், 2023 ஜனவரியில் இரண்டு கை விரல்களையும் வைத்துப் பதிவெடுக்கும், சூயிங்கம் பொட்டலம் அளவுள்ள ஒற்றைத் தட இ.சி.ஜி. கருவியை வாங்கினேன்.

அதைப் பழக்கத்திற்குக் கொண்டுவரவே மூன்று வாரம் பிடித்தது. முப்பது விநாடி விரலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். குளிரூட்டி ஓடும் அறையில் விரல் நுனி உலர்ந்திருந்தால் கோடு முழுவதும் புல் முளைத்ததுபோல் இரைச்சலாகிவிடும். விரல்களைச் சற்று ஈரப்படுத்தி, முன்கைகள் இரண்டையும் மேசையில் சாய்த்து, பேசாமல் உட்கார்ந்தால் கோடு தெளிவாக வரும். ஒன்றிரண்டு துடிப்புகள் மட்டும் தவறுகிற நாள்களில், கைத்தொலைபேசியின் பூட்டைத் திறந்து செயலியைத் தொடங்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். "வகைப்படுத்த இயலவில்லை" என்ற விடையும் அடிக்கடி வரும். இக்கருவி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது என்பதையும் வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டும். இத்தனை குறைகளுக்குப் பிறகும், மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலை 6.10-க்கு எடுத்த ஒரே ஒரு பதிவு, பல மாத அலைச்சலுக்கு விடை சொன்னது: துடிப்புகளுக்கிடையிலான இடைவெளி எதுவும் ஒன்றுபோல் இல்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் வரவேண்டிய சிறு மேடும் இல்லை. மருத்துவர் அதைப் பார்த்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்குகிற நிலை என்றார். மற்ற நாள்களில் பதிவானவை முன்கூட்டி விழும் தனித் துடிப்புகள். இரண்டும் என்னிடம் இருந்தன. இரண்டுக்கும் காரணம் வெவ்வேறாக இருந்தது என்பது பின்னால்தான் விளங்கியது.

ஊரில் எல்லோரும் கோப்பியைத்தான் கைகாட்டினார்கள். நாளைக்கு மூன்று கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) குடிக்கிறவன் நான். ஆறு வாரம் முற்றாக நிறுத்திப் பார்த்தேன். முதல் வாரம் தலைவலி வந்தது. காலைத் தடுமாற்றம் ஒரு நாள்கூடக் குறையவில்லை. 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த, 100 பேரிடம் நடத்திய ஓர் ஆய்விலும், கோப்பி குடித்த நாள்களில் மேலறையிலிருந்து வரும் மிகைத் துடிப்புகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. கீழறைத் துடிப்புகள் கூடின, தூக்கம் குறைந்தது. மது வேறு கணக்கு. அதே இதழில் 2020-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், மேலறை நடுக்கம் உள்ள 140 பேரில் குடியை விட்டவர்களில் 53 விழுக்காட்டினரிடமும் வழக்கம்போல் குடித்தவர்களில் 73 விழுக்காட்டினரிடமும் நடுக்கம் திரும்பியது. எனக்குக் குடிப்பழக்கம் கல்யாண வீட்டோடு சரி, அதையும் விட்டேன். ஆனால் என் காலைகளுக்கு அது விடையாகவில்லை.

விடை வந்த முதல் இடம் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. தினமும் எழும்போது தொண்டை வறண்டு எரிவதால், மாலையில் நடை முடித்துத் திரும்பும் வழியில் சீனர் கடையில் ஒரு குவளை மூலிகைத் தண்ணீர் குடிப்பேன். இனிப்பும் கசப்புமாக இருக்கும் அந்தக் கருநிறத் தண்ணீரில் போடும் சரக்குகளில் அதிமதுரமும் ஒன்று. அதை நாள்தோறும் குடித்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். போதாக்குறைக்கு என் இரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு இருந்தது. அதுவும் பொட்டாசியத்தைச் சிறுநீரோடு அனுப்பிவிடுகிற மருந்து. இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.2 மில்லிமோல், குறைந்தது 3.5 இருக்க வேண்டும். மருத்துவர் மாத்திரையை மாற்றி, சில வாரங்களுக்குப் பொட்டாசியம் கொடுத்தார். மூலிகைத் தண்ணீரை நான் நிறுத்தினேன். ஒரு மாதத்தில் தனித் துடிப்புகள் பெரும்பாலும் அடங்கிவிட்டன. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகப் பொட்டாசியம் மாத்திரை வாங்க வேண்டாம். சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கும், பெரிண்டோபிரில் போன்ற அழுத்த மருந்துகளை எடுப்பவர்களுக்கும் அது அளவுக்கு மீறி ஏறி இதயத்தையே நிறுத்தக்கூடும்.

ஆனாலும் தாளம் முற்றிலும் குலைகிற காலைகள் மாதத்திற்கு ஐந்தாறு முறை வந்துகொண்டே இருந்தன. கருவியில் பதிவான நேரங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தேன். ஏறக்குறைய எல்லாமே நான் விழித்த பத்து நிமிடத்திற்குள் எடுத்தவை. அந்தப் பக்கங்களைப் புரட்டிய மருத்துவர், "எழுந்த பிறகு வருகிறதா, இல்லை அது வந்ததால் எழுகிறீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உடன் வந்த என் மனைவிதான் சொன்னாள்: "குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு டாக்டர், திடீர்னு சத்தம் நின்னுடும். நான் எண்ணிக்கிட்டே படுத்திருப்பேன். முப்பது வரைக்கும்கூட எண்ணியிருக்கேன்."

உறக்கப் பரிசோதனையில் மணிக்கு 34 முறை மூச்சு தடைப்படுவது தெரிந்தது. 30-ஐத் தாண்டினாலே கடுமையான உறக்க மூச்சுத்தடை. தொண்டை மூடிக்கிடக்கும்போது நெஞ்சு காற்றை இழுக்கப் போராடுவதால் மார்புக்குள் அழுத்தம் சரிந்து, மெல்லிய சுவர் கொண்ட மேலறைகள் இழுபடுகின்றன, ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்பும்போது அட்ரினலின் பாய்கிறது. கனவுத் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அந்நேரம் தொண்டைத் தசை மிகவும் தளர்வதால் பலருக்குத் தடை விடியலை ஒட்டியே மோசமாகும். எனக்குக் காலையில் வந்தது இரவு முழுவதும் நடந்ததன் மீதிதான். நெடுநாளாகப் புரியாத வேறு இரண்டு தொல்லைகளுக்கும் அன்றே காரணம் தெரிந்தது. வாயால் மூச்சு விட்டதால் தொண்டை வறண்டது. அந்த வறட்சியைத் தணிக்கத்தான் நான் அதிமதுரத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்ததை வயதின் கோளாறு என்று நினைத்திருந்தேன். இழுபடும் மேலறை சுரக்கும் ஒரு ஹார்மோன் சிறுநீரைக் கூட்டும் என்றார்கள்.

2023 செப்டம்பரிலிருந்து சிபேப் கருவியோடு தூங்குகிறேன். மூக்கின்மேல் மாட்டும் உறை (மூக்குறை) வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி, தொண்டை மூடாமல் வைத்திருக்கும் கருவி இது. முதல் மாதம் சகிக்கவில்லை; தூக்கத்திலேயே கழற்றி எறிந்திருப்பேன். பினாங்கின் புழுக்கத்திற்கு நாங்கள் குளிரூட்டியைப் போட்டுவிட்டுப் படுப்பதால், கருவியின் நீர்த்தொட்டியிலிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாய்க்குள் நீராகி, விடியற்காலை மூன்று மணிக்கு மூக்கில் சொட்டும். திடுக்கிட்டு எழுந்து, குழாயை உதறி, மறுபடி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டியிருந்தது. விற்றவர்களைக் கேட்டால் வெப்பமூட்டும் குழாயைத் தனியாக வாங்கச் சொன்னார்கள். என் மனைவி, சாயம் போன என் பழைய கைலி ஒன்றை நீளவாக்கில் வெட்டி, இரட்டையாக மடித்துத் தைத்து, குழாய்க்கு உறை போட்டுக் கொடுத்தாள். ஈரப்பத அளவையும் ஒரு படி குறைத்தேன். அதோடு சொட்டு நின்றது. கட்டம் போட்ட அந்தக் கைலிக் குழாய் என் தலைமாட்டில் மலைப்பாம்புபோல் கிடப்பதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படியும். மூக்குறையைத் தினமும் குழந்தைச் சவர்க்காரத்தில் கழுவுகிறேன். புகைமூட்ட நாள்களில் வடிகட்டி சீக்கிரமே சாம்பல் நிறமாகிவிடுகிறது.

இப்போது மூச்சுத்தடை மணிக்கு 3 அளவில் நிற்கிறது. சென்ற ஓராண்டில் தாளம் குலைந்ததாகப் பதிவானவை நான்கு. இதில் மருந்தின் பங்கையும் மறைக்கக் கூடாது, துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பைசோபுரோலால் 2.5 மில்லிகிராம் எடுக்கிறேன். மேலறை நடுங்கும்போது இரத்தம் தேங்கி உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும் என்பதால், அபிக்ஸபான் 5 மில்லிகிராம் இரு வேளையும் உண்டு. துடிப்பு சீராகிவிட்டது என்று நானாக அதை நிறுத்த முடியாது. மருதம்பட்டைக் கஷாயம், ஜின்செங், பூண்டு மாத்திரை என்று வந்த அன்பான யோசனைகளையெல்லாம் மருத்துவரிடம் கேட்டேன். உறைவைத் தடுக்கும் மருந்தோடு எதையும் கலக்க வேண்டாம் என்றார்.

அந்த நான்கில் ஒன்று என் முட்டாள்தனம். சளி பிடித்திருந்தபோது, மூக்கடைப்பைத் திறந்தாலும் இதயத்தைத் தூண்டிவிடும் சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரையை அட்டையைப் படிக்காமல் விழுங்கினேன். நான்கு மணி நேரம் அடங்காமல் அவசரப் பிரிவில் படுத்திருந்தேன். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கருவியில் விரல் வைத்துக்கொண்டு உட்காராமல் 999-ஐ அழைக்க வேண்டும். இன்னொன்று பாலேக் புலாவ் டுரியான் காலத்தில் இரவு பத்து மணிக்கு வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படுத்ததால் வந்தது. நிறைந்த வயிறு சிலருக்கு, மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பின் வழியாக மேலறையைத் தூண்டும்.

மற்ற இரண்டும் ஈப்போவில் அக்காள் வீட்டுக் கிரகப்பிரவேசத்திற்குப் போனபோது வந்தவை. இரண்டு இரவுதானே என்று சிபேப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். முதல் நாள் காலை 5.50-க்கு ஒன்று, மறுநாள் 6.25-க்கு ஒன்று. கோப்பி, சாப்பாடு, மாத்திரை எதுவும் மாறவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் அந்த இரண்டு பதிவுகளையும் காட்டினேன். அவர் அவற்றை அச்செடுத்து என் கோப்பில் சேர்த்துக்கொண்டு, பயணத்திற்குச் சிறிய கருவி ஒன்று தனியாகக் கிடைக்கும் என்றார். விலையைக் கேட்டுவிட்டுப் பெரியதையே பையில் தூக்கிக்கொண்டு போகிறேன், கைலி உறையோடு.