டெல்லி வெயிலில் நிற்கும் காரில் எந்த டேஷ் கேம் தாங்கும்?

மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்புக்கு மூடிய பார்க்கிங் கிடையாது. கார் மேற்குப் பார்த்து, மதில் ஓரமாகத் திறந்த வெளியில் நிற்கிறது. மதியம் முன்கண்ணாடியில் விழ ஆரம்பிக்கிற வெயில் சாயங்காலம் 6 மணிக்குத்தான் விலகும்.

நான் முதலில் வாங்கிய டேஷ் கேம் (முன்கண்ணாடியில் ஒட்டிச் சாலையைப் படம் பிடிக்கும் கேமரா) அந்த இடத்தில் இரண்டு கோடையைக்கூடத் தாண்டவில்லை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருச்சி போய்விட்டு, ஜூன் கடைசியில் திரும்பி வந்து காரைத் திறந்தேன். கேமராவின் முன்பாதியும் பின்பாதியும் சேரும் இடம் நகம் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே இருந்த வெள்ளி நிறப் பேட்டரிப் பை குட்டித் தலையணை மாதிரி உப்பி, திரையை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மாதம் முழுக்க கேமரா ஓடவே இல்லை. சும்மா கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு யார் என்னிடம் கேமரா பற்றிக் கேட்டாலும், படம் 4கே-வா 2கே-வா என்ற பேச்சுக்கு நான் கடைசியில்தான் வருவேன். முதல் கேள்வி: உள்ளே இருப்பது பேட்டரியா, கெபாசிட்டரா?

பேட்டரியும் கெபாசிட்டரும்

காருக்குள் எவ்வளவு சூடாகும் என்று முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட அளவீடு இது. வெளியே 38 டிகிரியைத் தாண்டிய நாட்களில், ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற கார்களின் உள்காற்று சராசரியாக 47 டிகிரி, டேஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற கார்களிலோ உள்காற்று 38, டேஷ்போர்டு 48. இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 46.8 டிகிரி. கேமரா டேஷ்போர்டில் கிடப்பதில்லை, கண்ணாடியில் மேலே ஒட்டியிருக்கிறது என்பது ஓர் ஆறுதல். ஆனால் அது கருப்பு நிறப் பெட்டி, நேர் வெயிலில் இருக்கிறது, ஓடினால் தன் சூட்டையும் சேர்த்துக்கொள்கிறது.

லித்தியம் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, பயன்படுத்துவதற்கு 60 டிகிரி, சார்ஜ் செய்வதற்கு 45 டிகிரி. இந்த இரண்டாவது எண்தான் டெல்லியில் நம்மைக் கவிழ்க்கிறது. ஆபீஸ் முடிந்து கொதிக்கிற காரில் ஏறிச் சாவியைத் திருப்பிய அந்த நொடியில் கேமரா பேட்டரி சார்ஜ் ஆக ஆரம்பிக்கிறது. ஏசி குளிர்வதற்கு முன்னால், சூடு உச்சத்தில் இருக்கும்போதே. இது தினமும் நடக்கும்போது உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு கிளம்புகிறது. அந்த வாயுதான் உப்பல். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ மறுபடி சார்ஜ் போடவோ கூடாது. அப்படியே கழற்றி மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

சூப்பர் கெபாசிட்டர் வேறு ஜாதி. மின்சாரத்தை வேதிவினையாகச் சேமிக்காமல் மின்னூட்டமாகவே பிடித்து வைக்கிறது. அதனால் 65 டிகிரி, சில வகைகளில் 85 டிகிரி வரை தாங்கும். குளிரிலும் பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே வரை வேலை செய்யும். சூடு அதையும் தேய்க்கும். ஏறக்குறைய 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் சொல்லும் கணக்கு. ஆனாலும் தேய்கிற கெபாசிட்டர் மெல்லச் செயலிழக்குமே தவிர, பேட்டரி மாதிரி பெட்டியைப் பிளந்துகொண்டு வருவது அபூர்வம்.

அதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். கெபாசிட்டர் கேமராவை வயரிலிருந்து பிடுங்கினால் சில நொடிகளில் அணைந்துவிடும். கடைசிக் கோப்பை ஒழுங்காக மூடி வைக்க மட்டுமே அந்தச் சேமிப்பு போதும். விபத்துக்குப் பிறகு கையில் எடுத்துக்கொண்டு போய்ப் போலீஸ்காரரிடம் அதன் திரையிலேயே காட்டலாம் என்றெல்லாம் நினைக்கக் கூடாது. இன்னொன்று, பல நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தால் சில மாடல்களில் தேதியும் நேரமும் மறந்துபோகும். ஜிபிஎஸ் இருந்தால் தானே சரிசெய்துகொள்ளும். இல்லாவிட்டால் தப்பான தேதியோடு பதிவாகிற காட்சி சாட்சிக்கு உதவாமல் போகலாம்.

இந்த இரண்டு குறைகளையும் நான் சந்தோஷமாக ஏற்றுக்கொள்கிறேன். திறந்த வெளியில் நிறுத்துபவர்களுக்குப் பேட்டரி கேமராவை என்னால் பரிந்துரைக்கவே முடியாது, எவ்வளவு மலிவாக வந்தாலும். அட்டைப்பெட்டியில் 'பில்ட் இன் பேட்டரி' என்று இத்தனை எம்ஏஎச் போட்டிருந்தால் அது லித்தியம். 'சூப்பர் கெபாசிட்டர்' என்ற வார்த்தை தெளிவாக இருக்க வேண்டும்.

நின்ற காரில் மின்சாரம் எங்கிருந்து?

டெல்லியில் பல அடிகள் கார் நிற்கும்போதுதான் விழுகின்றன. காலனித் தெருவில் இ-ரிக்‌ஷா உரசிவிட்டுப் போகும், பக்கத்து வண்டி கதவைத் திறந்து இடிக்கும். அதனால் கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடு வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயம். அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

நான் தேர்ந்தெடுத்தது ஹார்ட்வயர் கிட், அதாவது கேமராவை நேராகக் காரின் ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் வயர். மஞ்சள் வயர் எப்போதும் மின்சாரம் இருக்கிற ஃபியூஸுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற ஃபியூஸுக்கு, கருப்பு காரின் உலோக உடம்புக்கு. காஷ்மீரி கேட் சந்தையில் ஒரு கடையில் மாட்டினேன். கடைக்காரர் கிட்டில் இருந்த சின்ன சுவிட்சைத் தொட்டுக் காட்டி, "11.8-ல் வைத்துவிடுகிறேன், ராத்திரி முழுக்க ஓடும்" என்றார். வேண்டாம், 12.2-ல் வையுங்கள் என்றேன். கார் பேட்டரி இந்த வோல்ட்டுக்கு இறங்கியதும் கிட் கேமராவை அணைத்துவிடும். இந்த எண்தான் ஹார்ட்வயரின் உயிர்நாடி. கார் பேட்டரி முழுதாக இருந்தால் 12.6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 11.8 என்றால் கிட்டத்தட்டக் காலி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 7.2 ஆம்பியர் மணி. சின்னக் காரில் இருப்பது 35 ஆம்பியர் மணி பேட்டரி. இரண்டரை நாள் நின்றாலே புதுப் பேட்டரி பாதிக்கு வந்துவிடும். மூன்று கோடை பார்த்த பேட்டரி இன்னும் சீக்கிரம். பக்கத்து மார்க்கெட்டுக்குக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் இழந்தது திரும்பாது. ஜனவரியிலோ இன்னும் கஷ்டம். பூஜ்ஜியத்தை நெருங்கும் குளிரில் அதே பேட்டரி கொடுக்கிற சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும், எஞ்சினோ கிளம்ப அதிகமாகக் கேட்கும். அதனால் டிசம்பர் வந்தால் நான் சுவிட்சை 12.4-க்கு ஏற்றிவிடுகிறேன். கேமரா நடுராத்திரியிலேயே தூங்கிப் போகலாம். போகட்டும், காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட வண்டி கிளம்ப வேண்டும்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முன்கண்ணாடி ஓரத் தூணுக்குள் ஏர்பேக் இருக்கும் கார்களில் வயர் அதன் பின்னால் போக வேண்டும். குறுக்கே போனால் ஏர்பேக் விரியும்போது ஆபத்து. அவசரத்தில் இருக்கிற கடைகளில் இதை நாமாகச் சொன்னால்தான் செய்கிறார்கள்.

இரண்டாவது வழி, ஸ்டீயரிங்குக்குக் கீழே, காரின் கோளாறு பார்க்க ஸ்கேனர் மாட்டுகிற ஓபிடி சாக்கெட்டில் செருகும் வயர். ஃபியூஸ் பாக்ஸைத் தொட வேண்டாம், ஐந்து நிமிட வேலை. வாடகை வீடு மாறுவது மாதிரி அடிக்கடி கார் மாற்றுபவர்களுக்கு வசதி. ஆனால் சில கார்களில் அந்த சாக்கெட்டில் ஏதாவது செருகியிருந்தாலே காரின் கணினிகள் முழுசாகத் தூங்காமல், அதுவே பேட்டரியைக் குடித்துவிடும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்ட இதைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருக மறந்துவிடுவதும் உண்டு. எனக்கு ஒரு தடவை நடந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

மூன்றாவது, டேஷ் கேமுக்கென்றே வரும் தனி பேட்டரி பேக். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாகப் பார்த்து, சீட்டுக்கு அடியில் வைத்தால், கார் பேட்டரிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. சாதாரண லித்தியத்தைவிடச் சூட்டில் இது பத்திரமானது. ஆனால் பல நேரம் கேமராவைவிட விலை கூடுதல். கார் ஓடும்போதுதான் சார்ஜ் ஆகும். தினமும் மெட்ரோவில் ஆபீஸ் போய், ஞாயிறன்று மட்டும் மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கார் எடுக்கிற குடும்பத்தில் அது நிறையவே நிறையாது. நொய்டா, குருகிராம் என்று தினமும் ஓட்டுபவர்களுக்கே பொருந்தும்.

பவர் பேங்கைக் காரில் விட்டுவிட்டுப் போவதை நான் வழியாகவே சேர்க்கவில்லை. அதுவும் லித்தியம் பைதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

எப்போது பதிவு செய்வது என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. நொடிக்கு ஒரு படம் எடுக்கும் டைம்லாப்ஸ் மோடில் கார்டு நிறையாது, ஆனால் கேமரா முழுநேரமும் விழித்திருப்பதால் மின்சாரம் பெரிதாக மிச்சமாவதில்லை. அதிர்ந்தால் மட்டும் எழுந்துகொள்ளும் மோடு மிகக் குறைவாக இழுக்கும், சூடும் குறைவு. ஆனால் எழுந்துகொள்வதற்குள் இடித்தவன் நகர்ந்திருக்கலாம், சைக்கிள் உரசலுக்கெல்லாம் அது எழுந்திருக்காது. நான் இரவில் டைம்லாப்ஸ் வைக்கிறேன். மே, ஜூன் பகல்களில் எதுவுமே வேண்டாமென்று கேபிளைப் பிடுங்கிவிடுகிறேன். உச்சி வெயிலில் பல கேமராக்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ளத் தாமாகவே அணைந்துவிடும். அந்த நிலைக்கு அதைத் தள்ளுவானேன்?

சன்ஷேடு செய்யும் வேலை

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். முன்கண்ணாடிக்கு உள்ளே வெள்ளி சன்ஷேடு விரித்தால் ஸ்டீயரிங் பிழைக்கிறது, சீட் பிழைக்கிறது. கேமரா மட்டும் கண்ணாடிக்கும் ஷேடுக்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. மேலேயிருந்து வெயில், கீழேயிருந்து வெள்ளித் தாள் திருப்பி அனுப்புகிற வெயில். ஒரு நாள் 3 மணிக்கு ஷேடை எடுத்துவிட்டுக் கேமராவில் விரல் வைத்தேன். இரண்டு எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது.

கத்திரிக்கோலால் ஷேடின் மேல் விளிம்பில், கேமரா அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினேன். சூடு உள்ளே தேங்காமல் கேபினுக்குள் இறங்குகிறது. இன்னும் நல்லது, முன்கண்ணாடிக்கு வெளியே போடும் துணி உறை. வெயிலைக் கண்ணாடிக்கு முன்பே தடுத்துவிடும், ஆனால் கேமராவின் கண்ணையும் மறைத்துவிடும். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: 2012-லேயே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டது.

மெமரி கார்டு விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை, 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்டிருப்பதை வாங்குங்கள். சாதாரண கார்டு வெயிலைத் தாங்கினாலும் ஓயாமல் எழுதி அழிப்பதைத் தாங்காது. ரப்பர் கப் வைத்து ஒட்டும் ஸ்டாண்டு வெயிலில் கழன்று விழும், இரட்டைப் பக்க டேப்தான் நிற்கும். அதை ஜனவரியில் ஒட்டுவதாக இருந்தால் வெயில் வந்த மதியத்தில், கண்ணாடி கதகதப்பாக இருக்கும்போது ஒட்டுங்கள். குளிர்ந்த கண்ணாடியில் பிடிக்காது.

ஒரு மாதம் ஊருக்குப் போனால்

எதிர் பிளாக் மாமி போன வருஷம் கேட்டார்: "ஏம்ப்பா, நாங்க மே பாதியில கிளம்பி ஜூன் கடைசியிலதான் வருவோம். கேமராவ ஆன்லயே விட்டுட்டுப் போகட்டுமா?"

"வேண்டாம் மாமி. மூணாம் நாளே அணைஞ்சிடும். அப்புறம் ஆறு வாரம் சும்மா வெயில்ல வேகும்" என்றேன்.

டெல்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு என்று தனியாக இருக்கிற பிரச்சினை இது. டெல்லியில் கொடுமையான வெயில் அடிக்கிற ஆறு வாரத்தில்தான் நாம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிவிடுகிறோம். அந்த நாட்களுக்கு கெபாசிட்டரா பேட்டரியா என்ற விவாதமே தேவையில்லை, கேமராவைக் கழற்றிவிடுவதுதான் சரி. பீடத்திலிருந்து கழற்றி மாட்டக்கூடிய மாடலாக வாங்கியிருந்தால் இது அரை நிமிட வேலை. இப்படிக் கழலுமா என்பதை வாங்கும்போதே பாருங்கள். கூடவே ஹார்ட்வயர் கிட்டின் ஃபியூஸையும் உருவிவிடுங்கள், கிட் சும்மா இருந்தாலும் துளித்துளியாக இழுக்கும்.

குளிர்காலத்திலும் இப்படி ஒரு முடக்கம் வரும். காற்று மாசு கூடி, கிராப் என்கிற மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் அறிவித்தால், பிஎஸ் 4 டீசல், பிஎஸ் 3 பெட்ரோல் (பழைய புகை விதிப்படி வந்த) கார்களை வெளியே எடுக்கக் கூடாது. எத்தனை நாள் என்று முன்கூட்டித் தெரியாது. அறிவிப்பு வந்த அன்றே கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். அடர்ந்த மூடுபனியில் எப்படியும் பானெட்டுக்கு அப்பால் அது எதையும் பார்க்கப் போவதில்லை.

துவாரகாவில் அடித்தளப் பார்க்கிங் உள்ள என் மாமா பையனிடம் பேட்டரி கேமராவே நாலு வருஷமாக ஓடுகிறது. நிழல் அவ்வளவு செய்கிறது. அவனை மாற்றச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. ஆனால் பகலில் ஆபீஸ் வாசலில் திறந்த வெளியில் நிறுத்துகிறானா என்று கேட்டேன். "ஆமாண்ணா, வாரத்துல ரெண்டு நாள்" என்றான். அந்த இரண்டு நாளும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

என் கேமரா இந்த மே மாதம் பீரோவில், ரேஷன் கார்டு வைக்கிற இழுப்பறைக்குள், பழைய கைக்குட்டையில் சுற்றி இருந்தது. ஜூலை முதல் வாரம் மாட்டியபோது தேதி 2020 ஜனவரி 1 என்று காட்டியது. சரிசெய்துவிட்டுக் கிளம்பினேன்.