உச்சி வெயில் அல்ல, சாயங்காலம் 6 மணி: டெல்டாவுக்கு எந்தச் சூரிய அடுப்பு?

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் பேச்சு தொடங்கினால், கிராமத்துக்குச் சூரிய அடுப்பு செய்கிறோம் என்று ஒரு குழுவாவது கிளம்பும். மனசார வரவேற்கிறேன். ஆனால் அறிக்கையைத் திறந்தால் முன்னால் வந்து நிற்பது உச்சபட்ச வெப்பநிலைதான். பெட்டிக்குள் 140 டிகிரி, குவியத்தில் 300 டிகிரி என்று போகும். நான் கேட்பது வேறொன்று: சாயங்காலம் 6 மணிக்குப் பானைக்குள் எத்தனை டிகிரி?

நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிற பெண் விடிவதற்கு முன்பே உலை வைத்துவிடுகிறார். வெயில் ஏறும்போது அவர் வீட்டில் இல்லை. அந்தக் காலைச் சமையலை எந்தச் சூரிய அடுப்பாலும் பிடிக்க முடியாது. பிடிக்க முடிந்தது ராத்திரிச் சோற்றைத்தான். ஆள் இல்லாத பகலில் தானாக வெந்து, அவர் திரும்பும்வரை சூடு ஆறாமல் இருக்க வேண்டும். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் விடியலில் பழையது தயார். நேற்றைய வெயில் இன்றைய காலைப் பசிக்கும் உதவிவிடும்.

சூடாக இருப்பது ருசிக்காக மட்டும் இல்லை. சோறு வெந்தாலும் சாகாத பாக்டீரியா வித்துகள் அதில் உண்டு. 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக மூடிக் கிடந்தால் அவை பெருகும், சோறு ஊசிப்போகும். அதனால் குவி அடுப்பு, வெற்றிடக் குழாய் அடுப்பு, பெட்டி அடுப்பு, சோலார் மின்பானை என்ற நான்கு வகையையும் இந்த 60 டிகிரியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

முதலில் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த குவி அடுப்பு, அதாவது பரவளையத் தட்டு. 1.4 மீட்டர் விட்டமுள்ள ஜெர்மன் வடிவமைப்பு ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. நல்ல வெயிலில் சுமார் 600 வாட் கிடைக்கும். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும், தாளிக்கலாம், அப்பளம் பொரிக்கலாம். கல்லூரி முற்றத்தில் செய்து காட்டும்போது கைதட்டல் நிச்சயம்.

வீட்டு வாசலில் கதை வேறு. கால் மணிக்கு ஒருமுறை சூரியன் பக்கம் திருப்ப வேண்டும். "தம்பி, இத திருப்பிக்கிட்டே நிக்கிறதுக்கு நான் கேஸ்லயே வச்சுட்டுப் போயிருவேனே" என்று ஓர் அம்மா மாணவர்களிடம் சொன்னார். அதற்கு எங்களில் யாரிடமும் பதில் இல்லை. தட்டு நேர்க்கதிரை மட்டுமே குவிக்கும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வானம் வெளுத்துப் பஞ்சுபோல் இருக்கும் நாட்களில் வெளிச்சம் இருக்கும், நேர்க்கதிர் குறைந்துவிடும். பெட்டி அடுப்பு அந்தச் சிதறிய ஒளியையும் ஓரளவு வாங்கிக்கொள்ளும். தட்டால் முடியாது. வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் பளபளப்பும் மங்கும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் ஒன்றரைச் சதுர மீட்டர் தட்டை எதில் கட்டிவைப்பது?

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் வைக்கோல் போர். வேலை முடிந்து தட்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தாலும், வெயில் பட்டால் அது எங்காவது குவிக்கும். கீற்றுக் கொட்டகையும் போரும் ஒட்டி நிற்கும் கொல்லையில் அதை வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் கூடவே நிற்கும் பொதுச் சமையலறைக்கு அது பொருந்தலாம். ஆரோவில்லின் சோலார் கிச்சன் கூரையில் 15 மீட்டர் விட்டமுள்ள கிண்ணம் அசையாமல் நிற்க, வெப்பம் வாங்கும் குழாய் மட்டும் சூரியனைத் தொடர்ந்து நகர்ந்து நீராவி தரும்படி அமைத்தார்கள். அது நிறுவனத்தின் வேலை. ஒரு குடும்பத்துக்கு அந்த வழி சரிப்படாது.

வெற்றிடக் குழாய் அடுப்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே காற்றே இல்லாததால் சூட்டை அருமையாகப் பிடித்துவைக்கும். என் 6 மணிச் சோதனையில் தேறும். ஆனால் பரவலாகக் கிடைக்கும் குழாயின் உள்விட்டம் 5 செ.மீ.கூட இல்லை. வேர்க்கடலை, பயறு வேகவைக்கலாம், ஐந்து பேர் சோறு அதில் ஏறாது. காய்ந்த குழாயில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். உடைந்தால் மாற்றுக் குழாய் உள்ளூர்க் கடையில் கிடைக்காது.

பெட்டி அடுப்புக்கு வருவோம். கருப்புத் தட்டு, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் வெயிலை உள்ளே திருப்பும் ஆடி. 1767இல் சுவிட்சர்லாந்தின் சோசூர் செய்த வெப்பப் பெட்டியின் வழிவந்ததுதான். மெதுவானது. சோறாக இரண்டு, மூன்று மணி நேரம் பிடிக்கும். ஆனால் யாரும் நிற்க வேண்டாம், கிளற வேண்டாம், அடிப்பிடிக்காது. நம் வாழ்க்கைக்குப் பொருந்துவது இந்த மெத்தனம்தான். மாணவர்கள் உழைக்க வேண்டிய இடமும் இங்கேதான் நிறைய இருக்கிறது.

முதலில் கண்ணாடியின் சாய்வு. இணையத்தில் கிடைக்கும் குளிர்நாட்டு வரைபடங்களில் கண்ணாடி 30, 45 டிகிரி சாய்ந்திருக்கும். தஞ்சாவூர் இருப்பது ஏறத்தாழ 10.8 டிகிரி வடக்கில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். அப்போது 45 டிகிரி சாய்ந்த கண்ணாடி வரும் வெயிலில் கிட்டத்தட்ட 30 சதவீதத்தை இழக்கும். நமக்குப் படுக்கைக் கண்ணாடிதான் சரி. மூடியின் ஆடியைச் சூரியன் இருக்கும் திசை பார்த்து வைக்க வேண்டும். மார்கழி, தையில் தெற்கே, ஜூனில் உச்சிச் சூரியன் 12 டிகிரிபோல வடக்கே சாய்வதால் வடக்கே.

அடுத்தது ஆவி. பானை மூடி சரியாக உட்காரவில்லை என்றால் கண்ணாடியின் உள்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோர்த்து, பிறகு கோடாக வழியும். பார்க்க அழகு, கணக்கில் பெரிய நஷ்டம். அரைக்கிலோ அரிசியையும் ஒரு லிட்டர் தண்ணீரையும் 30இலிருந்து 100 டிகிரிக்கு ஏற்றச் சுமார் 360 கிலோஜூல் போதும். 100 மில்லி தண்ணீர் ஆவியாகித் தப்பினால் அதோடு 226 கிலோஜூல் போய்விடுகிறது. குவியத்தில் இன்னும் 50 டிகிரி ஏற்றப் பாடுபடுவதைவிட, இறுக்கமான மூடியும் பெட்டி ஓரத்துக்கு நல்ல ரப்பர் விளிம்பும் எவ்வளவோ மேல்.

வெப்பக்காப்புக்குக் கண்ணாடிப் பஞ்சு வாங்குவார்கள். நெல் விளையும் ஊரில் உமி இருக்கிறதே என்று சில குழுக்கள் உமியை அடைப்பார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் உமியில் நொய் கலந்திருக்கும், எலி தேடி வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் வாங்கினால் காப்பும் போய்விடும். அரிசி ஆலைக் கொதிகலனில் எரிந்து வரும் உமிச் சாம்பல் இன்னும் பொருத்தம். எலி சீந்தாது, பூச்சி வராது, தீப்பிடிக்காது. நுண்ணிய சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் முகத்தை மூடிக்கொண்டு நிரப்பி, பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் ஒட்டி, அதன்பிறகே பெட்டிச் சுவருக்குள் வைக்க வேண்டும்.

இனி சாயங்காலம். ஒன்றரைக் கிலோ சோறு 95 டிகிரியில் இருக்கும்போது வெயில் சாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டர் சதுரக் கண்ணாடி திறந்தே இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் 60க்கு இறங்கிவிடும். சூடு பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான் போகிறது. ஆடி மூடியைச் சாத்தி, மேலே மடித்த சாக்கும் பழைய போர்வையும் போட்டால் இரண்டு மணி நேரம் தாங்கும். பானைக்கு அடியில் கருப்படித்த தகரத் தட்டில் 5 கிலோ மணல் இருந்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். இது காகிதக் கணக்கு, பெட்டிக்குப் பெட்டி மாறும். சூட்டைச் சேமிக்க எரித்ரிட்டால் (ஒரு இனிப்புப் பொருள்) போன்ற உருகும் பொருட்களை மாணவர்கள் ஆசையோடு எடுப்பார்கள். அது 118 டிகிரியில் உருகும், ஒரு கிலோவில் சுமார் 340 கிலோஜூலைப் பிடித்துவைக்கும். 10 கிலோ மணல் 40 டிகிரி ஆறும்போதும் கிட்டத்தட்ட அவ்வளவு தருகிறது. ஒன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், மற்றது கொல்லையிலேயே கிடக்கிறது. மூடியைச் சாத்தத்தான் 4 மணிக்கு ஒரு கை வேண்டும். பள்ளிவிட்டு வரும் பிள்ளையோ வீட்டில் இருக்கும் பாட்டியோ செய்துவிடலாம்.

பெட்டிச் சமையலில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சோற்றை வடிக்க முடியாது. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்துப் பொங்கித்தான் எடுக்க வேண்டும். மாட்டுக்குக் கஞ்சி இல்லை என்றால் மாடு வைத்திருக்கும் வீட்டில் அது உண்மையான இழப்பு. தாளிப்புக்கும் இரண்டு நிமிடம் கேஸ் வேண்டும்.

பெட்டிக்கு நிஜமான போட்டி நான்காவது வகைதான். சோலார் பேனலிலிருந்து பேட்டரி இல்லாமல் நேராகப் பானைக்கு மின்சாரம். கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழக மாணவர்கள் தங்கள் பேராசிரியரோடு சேர்ந்து 100 வாட் பேனலில் இதைச் செய்தார்கள். வெப்பக் கம்பிக்குப் பதில் டையோடுகளை (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் சின்ன மின்னணு உதிரிகள்) சங்கிலியாகக் கோத்து வைப்பது அவர்கள் கையாண்ட ஒரு வழி. வெயில் கூடினாலும் குறைந்தாலும் டையோடின் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. அதனால் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமலே பேனலிலிருந்து நல்ல பங்கை வாங்கலாம்.

பேனல் கூரையில், பானை அடுப்படியில். சிதறிய ஒளியிலும் ஓடும். முக்கியமாக, கண்ணாடியே இல்லாததால் பானையை ஆறு பக்கமும் உமிச் சாம்பலால் பொதிந்துவிடலாம். என் 6 மணிச் சோதனையில் இதுதான் முதலிடம். 100 வாட் பேனல் நல்ல நாளில் 400 வாட் மணி அளவுக்குத் தரும், சோற்றுக்கும் பருப்புக்கும் அது போதும். சிக்கல் பழுதில்தான். பெட்டியின் கண்ணாடி உடைந்தால் மன்னார்குடி கடைவீதியில் அளவு கொடுத்து வெட்டி வாங்கலாம், தச்சர் பூட்டிக்கொடுப்பார். டையோடு போனால் சால்டரிங் தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே புராஜெக்ட் தேர்ந்தெடுக்கும் பிள்ளைகளுக்கு என் கருத்து இது. கூரையில் ஏற்கெனவே பேனல் இருக்கும் வீட்டுக்கு மின்பானை செய்யுங்கள். மற்ற வீடுகளுக்கு உமிச் சாம்பல் பெட்டி. குவித்தட்டு வீட்டுக்கு வேண்டாம். பெட்டி அடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 13429 சொல்லும் காலிப்பெட்டிச் சோதனையையும் தண்ணீர்ச் சோதனையையும் தவறாமல் செய்யுங்கள். கூடவே அரைக்கிலோ புழுங்கலரிசி வைத்து, வெயில் இறங்கியதிலிருந்து 60 டிகிரி வரும்வரை கால் மணிக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து ஒரு வரைபடம் போடுங்கள். தையில் ஒன்று, சித்திரையில் ஒன்று, ஆடியில் ஒன்று. அந்த மூன்றையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.